நாராயணசாமி கரைத்த புளி

நாராயணசாமி பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு மனிதரைக்கூடச் சுட்டதில்லை. சுட்டதெல்லாம் சப்பாத்தியும் அப்பளமும்தான். இதை அவரே ஊரெல்லாம் சொல்வார், சொல்லிவிட்டு மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். மதராஸ் பட்டாளம் ஒன்றில் லங்கர் சமையல்காரராக இருந்தவர். லங்கர் என்றால் சிப்பாய்களின் சமையற்கூடம். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் கிழக்கு எல்லைக்குப் போய் வந்ததற்குச் சட்டையில் குத்திக்கொள்ள மெடலும் உண்டு. என்ன வீரச் செயலுக்குக் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், "போனவன் எல்லாருக்கும் கொடுத்தான்பா. சமைக்கிறவனை மட்டும் விட்டுட்டா மறுநாள் சோறு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியாதா?" என்பார்.

வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆள் இன்னும் அடுப்பு முன்னால் நின்றால் நிமிர்ந்துதான் நிற்பார். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலுக்குக் கரி அள்ளிப் போட வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சிகந்திராபாத்தை விட்டு நகரவில்லை. வேலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் நாராயணசாமி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். லாலாகுடாவில் பிறந்தார், மெட்டுகுடாவில் பெண் எடுத்தார், மெட்டுகுடாவிலேயே வீடும் கட்டினார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலை கேன்டீனில் வேலை பார்த்தார். இப்போது அதே ராவ் நகரில் மகள் அனுபமாவும் மருமகன் வெங்கட்டும் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறார்கள்.

அந்த அபார்ட்மென்டில் வருஷா வருஷம், அந்தப் போர் ஜெயித்த நாளான டிசம்பர் பதினாறாம் தேதி காலையில் ஒரு கூட்டம் போடுவார்கள். கொடி, மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமனாரைக் கூட்டி வந்து மாலை போட்டு, ரெண்டு வார்த்தை பேசச் சொல்வது வெங்கட்டின் பொறுப்பு. வெங்கட் கோயம்புத்தூர்க்காரன், மென்பொருள் கம்பெனியில் வேலை, எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன். அவனுக்குப் பாவம், ஒரே ஒரு ஆசை. மாமனார் ஒரு தடவையாவது பீரங்கி, பங்கர், துப்பாக்கி என்று எதையாவது பேச வேண்டும்.

"மாமா, இந்தத் தடவை கொஞ்சம் சண்டையப் பத்திப் பேசுங்க மாமா. எல்லாருமே கேக்கறாங்க."

"ஹவ் ஹவ், பேசறேன். மொதல்ல அண்டாவைக் கீழ இறக்கச் சொல்லு. கிச்சடி ஆறுது."

கிச்சடி என்றதும் நம் ஊர் ரவா கிச்சடியை நினைத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணமான புதிதில் வெங்கட்டும் அப்படித்தான் நினைத்து, தேங்காய்ச் சட்னி எங்கே என்று கேட்டு மாட்டிக்கொண்டான். இது ஐதராபாத் கிச்சடி. அரிசியும் மசூர் பருப்பும் மஞ்சளும் சேர்ந்து குழைய வெந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ள கட்டா. புளியைக் கரைத்து, வறுத்த எள்ளை அரைத்துச் சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தாளித்தது. இந்த ஊரில் ஏழை, பணக்காரன், இந்து, முஸ்லிம் யாராக இருந்தாலும் இது காலை நாஷ்டா. விடிந்ததும் கிச்சடி கட்டா கிடைத்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள் என்று அர்த்தம்.

நாராயணசாமிக்கு நேர்ந்த வம்பெல்லாம் இந்த அர்த்தத்தால் வந்ததுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த கூட்ஸ் வண்டி கார்டின் மகள் கனகம். பெண் பார்க்கப் போன அன்று கொண்டுவந்து வைத்த கேசரி அடிப்பிடித்திருந்தது. சமையல்காரனுக்கு அது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வேறு யாராவது செய்திருந்தால் தட்டை நகர்த்தி வைத்திருப்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைவிடப் பெரிய காதல் ஒரு சமையல்காரனிடம் கிடையாது.

லீவு சொல்லி, பெட்டி கட்டி, பட்டு வேட்டிகூட வாங்கிவிட்டார். அப்போது பார்த்து எல்லை மும்முரமாகிவிட்டது. எல்லா லீவும் ரத்து. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போய்க்கொண்டிருந்தது. கார்டு மாமனார் பொறுமையில்லாத மனிதர். நாராயணசாமியின் அண்ணன் அவர் சொன்னதைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தான்: "தை வரைக்கும் பாப்பேன். தை தாண்டினா பேச்சு முறிஞ்சுது. காச்சிகுடா ஸ்டேஷன்ல டிக்கெட் கிளார்க் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கு யுத்தமும் கிடையாது, கித்தமும் கிடையாது."

அதற்குப் பிறகு நாராயணசாமிக்கு உலகத்தில் எதிரி என்று இருந்தது ஒரே ஆள்தான். முகம் தெரியாத அந்தக் காச்சிகுடா கிளார்க். எல்லையில் நின்ற மற்றவர்கள் எந்த எதிரியை நினைத்துப் பல்லைக் கடித்தார்களோ தெரியாது, இவர் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அந்தக் கிளார்க்கைத்தான் நினைத்துக்கொண்டார்.

போர் வந்தது. லங்கர்காரனுக்குப் போர் என்றால் புகை. பகலில் புகை தெரிந்தால் குண்டு விழும், இரவில் நெருப்புத் தெரிந்தால் குண்டு விழும். குழி தோண்டி அதற்குள் அடுப்பு வைத்து, மேலே ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் சோற்றை இறக்கிவிட வேண்டும். புகையெல்லாம் சமைக்கிறவன் கண்ணுக்குள்ளேதான் போகும். மூங்கில் காட்டிலும் சேற்றிலும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்தின் பின்னாலேயே ஓடினார். பயம் இல்லாமல் இல்லை. குண்டுச் சத்தம் கேட்டால் காலி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொள்வார். அதனால் என்ன பிரயோஜனம் என்று ஒரு நாள் கேப்டன் கேட்டதற்கு, "சத்தம் குறைவா கேக்குது சார்," என்றாராம்.

பிறகு ஒரு நாள் நடுப் பகலில், கிழக்கு வங்காளத்தில் குல்னா பக்கத்தில் ஒரு சணல் ஆலை வாசலில், போர் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். சிப்பாய்கள் தொப்பியை வீசினார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் அழுதான். நாராயணசாமி அதெல்லாம் செய்யவில்லை. திறந்த வெளியில், உச்சி வெயிலில், மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். அதன்மேல் வேண்டுமென்றே ஈர வைக்கோலை அள்ளிப் போட்டார். புகை குபுகுபுவென்று எழும்பி ஆலைக் கூரைக்கு மேலே போயிற்று. யாரும் திட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு அடுத்த கம்பெனி சமையல்காரனும் ஒரு புகை போட்டான். அதற்கு அடுத்தவனும் போட்டான். சற்று நேரத்தில் ஆற்றங்கரை நெடுகப் புகையாக நின்றது. கேப்டன் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நாராயணசாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தைக்கு இன்னும் நாள் இருந்தது.

மாலைக்குள் கைதிகள் வந்து சேர்ந்தார்கள். சரணடைந்த பாகிஸ்தான் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில், களைத்துப்போய், தாடியும் புழுதியுமாக. சணல் கிடங்கைக் காலி செய்து அவர்களை அதில் வைத்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும் என்று உத்தரவு. கோதுமை மாவு ஏற்றிய லாரி பாலம் உடைந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. கையில் இருந்தது அரிசியும், அந்த ஊரில் தாராளமாகக் கிடைத்த மசூர் பருப்பும், புளியும். மதராஸ் பட்டாளம் துப்பாக்கியை மறந்தாலும் மறக்கும், புளி மூட்டையை மறக்காது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி முந்தானையில் எள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். போர் நின்றதில் அவளுக்கும் கை நிற்கவில்லை, கண்டவர்களுக்கெல்லாம் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அரிசி, மசூர், புளி, எள். சிகந்திராபாத்காரனுக்கு வேறென்ன தோன்றும்? போர் முடிந்த மறுநாள் காலை, ஜெயித்தவனும் தோற்றவனும் உயிரோடு எழுந்திருக்கிற காலை, இதற்குக் கிச்சடி கட்டாவைவிடப் பொருத்தமான நாஷ்டா உண்டா? நாராயணசாமி பாட்டுப் பாடிக்கொண்டே புளி கரைத்தார். எள்ளை அவரே வறுத்து, அவரே அரைத்தார். தன் கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

கைதிகளின் வரிசையில் முதலில் நின்றது பெரிய மீசை வைத்த பஞ்சாபி சுபேதார். தட்டில் விழுந்த மஞ்சள் குழைசலைப் பார்த்தார். பக்கத்தில் ஊற்றிய சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நாங்கள் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறோம்?" என்று உருதுவில் இரைந்தார். "தோற்றுப் போனோம், சரி. நோயாளி ஆகவில்லை." தட்டைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். கிடங்கு முழுவதும் பட்டினி என்று ஆகிவிட்டது.

நாராயணசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊரில் கிச்சடி என்பது வயிறு கெட்டவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் கொடுப்பது என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். நல்ல நாள் பலகாரம் என்று இவர் நினைத்து வைத்ததை, கேலி செய்கிறான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தப்பை ஐதராபாத்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க முடியாது.

கேப்டன் ஓடிவந்தார். குடகு நாட்டுக்காரர், சிப்பாய்களிடம் கற்ற தமிழில்தான் பேசுவார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே? நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றார், கைதிகளைப் பாக்க. அவங்க பட்டினி கிடந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"சார், எங்க ஊர்ல இது விருந்து சார்."

"உங்க ஊர்க் கதை வேணாம். ராத்திரிக்குள்ள அவங்க சாப்பிட்டிருக்கணும். இல்லேன்னா உனக்குத் தை மாசமும் கிடையாது, மாசி மாசமும் கிடையாது. லீவை மறந்துடு."

நாராயணசாமிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காச்சிகுடா கிளார்க் மாலையும் கழுத்துமாகக் கண் முன்னால் வந்து நின்றான். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார்.

அப்போது ஒரு தட்டு அவர் முன்னால் நீண்டது. கண்ணாடி போட்ட ஒல்லியான கைதி ஒருவர். அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான் தட்டைக் கவிழ்க்கவில்லை. கிச்சடியைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்திருந்தார். "ஹவ் மியான்," என்றார் மெதுவாக, "கட்டா தோடா ஔர் டாலோ." இன்னும் கொஞ்சம் கட்டா ஊற்று ஐயா என்கிறார்.

நாராயணசாமியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று இப்படி இழுத்துச் சொல்கிறவன் இந்த உலகத்தில் எந்த ஊர்க்காரன் என்று அவருக்கா தெரியாது?

"எந்த ஊர்?" என்று ஐதராபாத் பக்கம் பேசும் தக்கணி உருதுவில் கேட்டார்.

"கராச்சி."

"அதுக்கு முன்னாடி?"

கைதி சுற்றும் முற்றும் பார்த்தார். "சிகந்திராபாத், போவன்பள்ளி."

"நான் மெட்டுகுடா!" என்று நாராயணசாமி போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். கைதியும் சமையல்காரரும் எதிரெதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கினான்.

அவர் பெயர் கௌஸ் மொஹியுதீன். சிறு வயதிலேயே தாய் போய்விட்டாள். தாயின் தங்கை ஹமீதா காலாதான் போவன்பள்ளியில் வைத்து வளர்த்தாள். காலா என்றால் சித்தி. பத்து வயதில் அப்பா வந்து கராச்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கேயே படித்து, அங்கேயே பட்டாளத்தில் கம்பி இல்லாத் தந்தி வேலைக்குச் சேர்ந்தார். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "ஆனா வெங்காயத்தைப் பெருசா நறுக்கிட்டே. எங்க காலா பாத்தா கரண்டியாலயே அடிப்பா," என்றார்.

நாராயணசாமிக்குச் சுருக்கென்றது. "யுத்தம் நடந்த எடத்துல வெங்காயம் கெடைச்சதே பெருசு. சாப்பிட்டுட்டு ஏன் குறை சொல்றே?"

"நல்லா இருந்தாத்தான் குறை சொல்வேன். நல்லா இல்லேன்னா எதுக்கு வாயைத் திறக்கணும்?"

இந்த மனிதனிடம் சொல்லலாம் என்று நாராயணசாமிக்குத் தோன்றியது. சொல்லிவிட்டார். ஐப்பசி, கார்த்திகை, மாமனார், கிளார்க், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "உங்க ஆளுங்க சாப்பிடலேன்னா என் கல்யாணம் நின்னுடும் மியான்."

கௌஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு எப்படி?"

"கேசரியை அடிப்பிடிக்க விட்டுடறா. அதைத் தவிர ஒரு குறையும் இல்ல."

"அப்ப சரி," என்று கௌஸ் தட்டோடு எழுந்து கிடங்குக்குள் போனார். சுபேதார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, நல்ல இலக்கண உருதுவில், கை கால் ஆட்டிப் பேசினார். இது நோயாளிச் சாப்பாடு இல்லை. ஐதராபாத் நவாபுகள் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு வெள்ளித் தட்டில் வைக்கும் பதார்த்தம். அதோ நிற்கிறானே, அந்தச் சமையல்காரன் கல்யாண மாப்பிள்ளை. போரினால் கல்யாணம் தள்ளிப்போன துக்கத்தில், தனக்கு வைக்க வேண்டியதை நமக்கு வைத்திருக்கிறான். மாப்பிள்ளை கையால் வைத்ததைத் தட்டினால் ஏழு தலைமுறைக்கு வீட்டில் கல்யாணம் நடக்காது. சமையல்காரன் மாப்பிள்ளை என்பதைத் தவிர மற்ற அத்தனையும் பச்சைப் பொய்.

சுபேதார் திரும்பி நாராயணசாமியை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளையா? முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே!" என்றார். சுபேதாருக்கு வீட்டில் நான்கு பெண்களாம். தட்டை நீட்டினார். ஒரு வாய் வைத்தார். கட்டாவில் தோய்த்து இன்னொரு வாய் வைத்தார். மீசை மேலும் கீழும் போயிற்று. எல்லாரும் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஊறுகாய் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. மதராஸ் பட்டாளத்தில் ஊறுகாய் இல்லாமல் போகுமா? பொழுது சாய்வதற்குள் அண்டாவின் அடி தெரிந்துவிட்டது.

மறுநாள் பெரிய அதிகாரி வந்து, ஏதாவது குறை உண்டா என்று கைதிகளிடம் கேட்டார். சுபேதார் விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "ஒரு குறை உண்டு. உங்கள் சமையல்காரனுக்கு லீவு கொடுக்க வேண்டும். கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது பாவம்," என்றார். அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேப்டன் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். தை பிறந்ததும் முதல் லீவு நாராயணசாமிக்குத்தான் வந்தது.

"பாத்தீங்களா," என்று, அவர் கூட்டத்தில் கதை சொல்லும்போது, கனகம் இந்த இடத்தில் எப்போதும் குறுக்கே வருவாள். "எனக்கு மாப்பிள்ளை கெடைச்சது எதிரி பட்டாளத்துச் சிபாரிசுல. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" ராவ் நகர் அபார்ட்மென்ட்காரர்கள் கிச்சடித் தட்டோடு கைதட்டுவார்கள். பீரங்கி வரும் என்று காத்திருந்த வெங்கட்டும் வேறு வழியில்லாமல் தட்டுவான்.

நாராயணசாமி லீவில் புறப்படுவதற்கு முந்தின நாள் கௌஸ் கிடங்கு வாசலில் காத்திருந்தார். அன்றைக்குக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

"போவன்பள்ளியில பழைய மசூதிக்குப் பின்னால, வாசல்ல மருதாணிச் செடி வச்ச வீடு. காலா இருந்தா, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம், நக்கோ."

கைதியின் சேதியைக் கொண்டுபோவது சரியா தப்பா என்று நாராயணசாமிக்குத் தெரியாது. கேப்டனிடம் போய்ச் சொன்னார். கேப்டன் வானத்தைப் பார்த்து, "இந்தப் பக்கம் குளிர் ஜாஸ்தி, எனக்குக் காது சரியா கேக்கறதில்ல. நீ ரயிலுக்குப் போ," என்றார்.

கல்யாணம் சிகந்திராபாத்தில் ஜாம்ஜாமென்று நடந்தது. காச்சிகுடா கிளார்க்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பார்த்தால் சாதுவான பையன், பாயசம் இரண்டு தடவை வாங்கினான். நாராயணசாமிக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

மூன்றாம் நாள் மறுவீடு. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும். வேறு எந்த வீட்டு வாசலையும் அதற்கு முன்னால் மிதிக்கக் கூடாது. கனகம் புதுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று நாளாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மெட்டுகுடாப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நாராயணசாமி, "போவன்பள்ளிக்கு விடு," என்றார். கனகம் திடுக்கிட்டுப் பார்த்தாள். பட்டாளத்தில் குண்டு விழுந்து புத்தி பேதலித்துவிட்டது, அப்பா விசாரிக்காமல் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தாளாம். போகிற வழியில் அவர் கதையைச் சொன்னார். அவள் கேட்டாளா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மருதாணிச் செடி இருந்தது. கதவைத் தட்டினார். ஒரு கண் தெரியும் அளவுக்குக் கதவு திறந்தது.

"ஹமீதா காலாவா? கௌஸ் மொஹியுதீன் அனுப்பி..."

"எந்த கௌஸ்? அப்படி யாரும் எங்களுக்குக் கிடையாது." ஒட்ட வெட்டிய அவருடைய பட்டாளத்துக் கிராப்பையும் பூட்ஸையும் அந்தக் கண் பார்த்துவிட்டது. "அந்தப் பக்கம் எங்களுக்கு ஒருத்தரும் இல்ல. நக்கோ பாவா, போயிடு." கதவு சாத்திக்கொண்டது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போரின் சூடு ஆறாத நாளில், எதிரி பட்டாளத்தில் தன் பிள்ளை இருக்கிறான் என்று எந்தத் தெருவில் யார் சொல்ல முடியும்? அவளும் பல மாதமாக அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். நாராயணசாமி வாசலில் அசடு வழிய நின்றார். ஒரு கிடங்குக் கைதிகளைச் சாப்பிட வைத்த ஆளுக்கு ஒரு கதவைத் திறக்க வைக்கத் தெரியவில்லை.

ரிக்‌ஷாவிலிருந்து வளையல் சத்தம் கேட்டது. கனகம் இறங்கி வந்து, கதவருகில் வாயை வைத்து, சிகந்திராபாத்தில் பிறந்த பெண்ணுக்கே உரிய சரளமான தக்கணியில் ஒரு போடு போட்டாள். "காலா, கதவைத் தொறங்க. எதுக்குப் பயப்படறீங்க? தாலி மஞ்சள் காயாத பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எந்தப் போலீஸ்காரன் வேவு பாக்க வருவான்? இவர் போலீஸ் இல்ல. சமையல்காரர்."

கதவு திறந்தது. ஹமீதா காலா முதலில் கனகத்தின் கழுத்தைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். பிறகு நாராயணசாமியைப் பார்த்தாள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "அவன் என் கௌஸ்னா, என்ன சொன்னான்? சொல்லு."

"கட்டா நல்லா இருந்துச்சுன்னு மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் காலா. சாப்பிட்டுட்டு, வெங்காயம் பெருசா இருக்கு, எங்க காலா பாத்தா கரண்டியால அடிப்பான்னார்."

காலா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் இருவரும் பதறிப்போனார்கள். "அவனேதான்," என்றாள். "அவனேதான் படவா. குறை சொல்லாம ஒரு வாய் தின்னதில்ல." பிறகு எழுந்தாள். இத்தனை நாள் கதவிடுக்கில் வாழ்ந்த அந்தப் பெண்பிள்ளை தெருவின் நடுவில் போய் நின்று, நான்கு வீட்டுக்கும் கேட்கும்படி, "என் கௌஸ் உயிரோட இருக்கான்! சாப்பிட்டானாம்! நல்லா சாப்பிட்டானாம்!" என்று கத்தினாள்.

ஜன்னல்கள் திறந்தன. எதிர் வீட்டு ரெட்டியம்மா இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ரெட்டியம்மா காலாவைக் கட்டிக்கொண்டு, முன்பே சொல்லக் கூடாதா என்று தெலுங்கில் திட்டினாள். புதுப் பெண்ணைச் சும்மா அனுப்பக் கூடாது என்று காலா அடுப்பு மூட்டினாள். அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? வெங்காயம் பொடிப் பொடியாகத்தான் நறுக்கப்பட்டது. கனகம் வயிறு முட்டச் சாப்பிட்டாள். நாராயணசாமி அதைவிட.

கௌஸ் எழுபத்துநாலில் கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காலாவே ஒரு நாள் மெட்டுகுடாவுக்கு வந்து சொன்னாள். அவள் இருந்தவரை, கனகத்துக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் மருதாணி அரைத்துக்கொண்டு வந்தாள். இப்போது போவன்பள்ளியில் அந்தத் தெரு முனையில் காய்கறி லாரிகள் நிற்கின்றன.

அன்றைக்கு ரிக்‌ஷா மெட்டுகுடாவுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. போகும்போது ஓரமாக ஒண்டியிருந்த கனகம், வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கேசரி அடிப்பிடித்தது தனக்கும் தெரியும் என்றாள், அவர் இரண்டாம் தடவை வாங்கினதை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சொன்னாள். நாராயணசாமிக்கு ரிக்‌ஷாவிலேயே எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் மாமனார் கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போட்ட இலை வாடியிருந்தது. சொந்தக்காரர்கள் பசியோடு எட்டிப் பார்த்தார்கள். "மறுவீட்டுக்கு வர்ற நேரமா இது? எங்க போயிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?" என்று அவர் இரைந்த இரைச்சலில் நாராயணசாமி தலையை விட்டுக்கொள்ளக் காலி அண்டாவைத் தேடினார்.

கனகம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரிக்‌ஷாவிலிருந்து குதித்தாள்.

"யுத்தம் முடிஞ்சுபோச்சுன்னு ஒருத்தங்களுக்கு யாரும் சொல்லலப்பா," என்றாள். "அதான், நாங்க போய்ச் சொல்லிட்டு வர்றோம்."